சரியான நேரத்துக்கு வந்தும் லேட்!

போன செமஸ்டர்ல ஒரு திங்கட்கிழமை. காலை 8:15. ரெண்டு வருஷமா நான் டிபனுக்குப் போற அதே நேரம். அன்னைக்குப் பூரி. தட்டை எடுத்துக்கிட்டுப் போய் நின்னா, பூரி காலி. அடியில கொஞ்சம் கிழங்கு மசாலா, பக்கத்துல பிரெட். விசாரிச்சா, எக்ஸாம் நேரம் மாறினதால அன்னையிலேர்ந்து மெஸ் அரை மணி நேரம் முன்னாடியே திறக்குதாம். நோட்டீஸ் எங்கே ஒட்டியிருந்தாங்க தெரியுமா? மெஸ் வாசல்ல. கடைசி பிளாக்ல இருக்கிற எனக்கு அது தெரியணும்னா, நான் முதல்ல மெஸ்ஸுக்குப் போயிருக்கணும்!

கவனிங்க, நான் லேட்டா போகலை. எப்பவும் போற நேரத்துக்குத்தான் போனேன். மெஸ்தான் முன்னாடி போயிடுச்சு.

இந்தக் கதையை எதுக்குச் சொல்றேன்னா, மினி ப்ராஜெக்ட்டுக்கு நேர வரிசை டேட்டா தேடிக்கிட்டிருந்தப்போ, கிட்டத்தட்ட இதே சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒரு பறவையைப் பற்றிப் படித்தேன். எனக்குப் போனது ஒரு பூரி. அந்தப் பறவைக்குப் போவது அந்த வருடத்துக் குஞ்சுகள். பறவைகள் வலசை கிளம்பும் தேதி அவற்றின் இனப்பெருக்கத்தை எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் இன்றைய பாடம். உயிரியல் பின்னணி எதுவும் தேவையில்லை. ப்ராஜெக்ட் ஷெட்யூல் போட்டுப் பழகியிருந்தால் போதும்.

பன்னிரண்டு கிராம் பயணி

நம்ம ஹீரோ, கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான். ஆங்கிலத்தில் பைட் ஃப்ளைகேட்ச்சர். எடை சுமார் 12 கிராம். ரெண்டு அஞ்சு ரூபாய் காயினைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கும். வசந்தம் வந்ததும் சஹாரா பாலைவனம், மத்திய தரைக்கடல் எல்லாம் தாண்டி, ஐரோப்பியக் காடுகளுக்குப் போய்க் கூடு கட்டும். நெதர்லாந்து வரை போகும் பறவைகளுக்கு ஒரு வழிப் பயணம் மட்டும் சுமார் 5,000 கிலோமீட்டர்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எதற்குப் போக வேண்டும்? சாப்பாட்டுக்கு. தனக்கு இல்லை, குஞ்சுகளுக்கு. வசந்தத்தில் ஐரோப்பாவின் ஓக் மரங்கள் துளிர்விடும்போது, குளிர்கால அந்துப்பூச்சி போன்றவற்றின் முட்டைகள் பொரிந்து, இளம் இலைகளில் பச்சைப் புழுக்கள் நிறைந்துவிடும். இலை முற்றினால் கடினமாகிவிடும், துவர்ப்பும் ஏறிவிடும். அதற்குள் புழுக்கள் அவசரமாகத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாக மாற மண்ணுக்குள் இறங்கிவிடும். எனவே காட்டில் புழு கொழிப்பது சில வாரங்கள்தான். நாளையும் புழுவின் அளவையும் வைத்து கிராஃப் போட்டால், மேலே ஏறி உடனே இறங்கும் ஒரு மலை மாதிரி இருக்கும். அதன் உச்சியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க ‘புழு உச்சம்’ என்று சொல்லப்போகிறேன்.

குஞ்சுகளின் பசிக்கும் இதே மாதிரி ஒரு மலை உண்டு. பிறந்த அன்று சின்ன வயிறு. பத்து நாள் ஆனதும் அகோரப் பசி. சுமார் பதினைந்து நாளில் கூட்டை விட்டுப் பறந்துவிடும். இந்த இரண்டு மலைகளும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் குஞ்சுகள் கொழுகொழுவென்று வளரும். நகர்ந்து போனால் பட்டினி.

மீன்வள ஆய்வாளர் டேவிட் குஷிங் இதே கருத்தை மீன் குஞ்சுகளையும் அவை தின்னும் மிதவை உயிர்களையும் வைத்து முன்வைத்தார். ‘பொருத்தம் – பொருத்தமின்மை’ கருதுகோள் என்று இதைச் சொல்லலாம். தேதிப் பொருத்தம் சரியில்லை என்றால் மற்ற பொருத்தம் எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை!

பின்னாலிருந்து கணக்குப் போடுவோம்

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு கிரிட்டிக்கல் பாத் ஞாபகம் இருக்கும். முடிக்க வேண்டிய தேதியில் தொடங்கி, பின்னோக்கி வந்து, எப்போது ஆரம்பிக்க வேண்டும் என்று கண்டுபிடிப்போம் இல்லையா? அதையே இங்கே செய்வோம்.

கணக்குக்காக, புழு உச்சம் மே 28 என்று வைத்துக்கொள்வோம்.

குஞ்சுகளுக்குப் பசி உச்சத்தைத் தொடுவது பத்தாவது நாள் வாக்கில். அப்படியானால் முட்டை பொரிய வேண்டிய நாள் மே 18.

அடைகாக்க சுமார் 13 நாள். கடைசி முட்டை இட வேண்டியது மே 5.

நாளுக்கு ஒரு முட்டை, மொத்தம் ஆறு என்றால், முதல் முட்டை ஏப்ரல் 30.

இடம் பார்த்து, துணை தேடி, கூடு கட்ட ஒரு வாரம். பெண் பறவை வந்து சேர வேண்டியது ஏப்ரல் 23.

பயணத்துக்கு இரண்டு, மூன்று வாரம். ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்ப வேண்டியது ஏப்ரல் முதல் வாரம்.

இப்போது இந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். புழு உச்சத்துக்கு ஏழு வாரத்துக்கும் மேல் முன்னாடியே, 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, ‘இன்று கிளம்பலாம்’ என்று அந்தப் பறவை முடிவெடுக்கிறது. நெதர்லாந்தில் இந்த வருடம் வெயிலா குளிரா, ஓக் துளிர்விட்டதா என்று எதுவும் அதற்குத் தெரியாது. நோட்டீஸ் மெஸ் வாசலில், பறவை கடைசி பிளாக்கில்!

அப்புறம் எதை நம்பிக் கிளம்புகிறது? பகல் நீளத்தையும், உடம்புக்குள் ஓடும் ஒரு வருடாந்திரக் கடிகாரத்தையும். வலசைப் பறவைகள் சிலவற்றைக் கூண்டில் வைத்து, பகல் நீளத்தை மாற்றாமலே வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் வலசைக் காலம் வந்தால் ராத்திரி தூங்காமல் கூண்டுக்குள் படபடக்கும். வெளியே எந்தத் தகவலும் இல்லாமலே உள்ளே அலாரம் அடிக்கிறது.

நம்ம பாஷையில் சொன்னால் இது சென்சார் இல்லாத டைமர். ஃபீட்பேக் கிடையாது. முட்டாள்தனமான டிசைன் என்று நினைத்துவிடாதீர்கள். வருடா வருடம் வசந்தம் ஏறக்குறைய அதே தேதியில் வரும் வரைக்கும் இதைவிட நம்பகமான முறை இல்லை. சூரியன் ஏமாற்றாது. பிரச்சனை, வசந்தம் சூரியனை விட்டு விலக ஆரம்பித்தபோதுதான் வந்தது.

நெதர்லாந்தில் நடந்தது

நெதர்லாந்தில் ஹோகே ஃபெலூவே என்று ஒரு தேசியப் பூங்கா. அங்கே மரங்களில் கூட்டுப் பெட்டிகளை மாட்டி, எந்தப் பெட்டியில் எந்தத் தேதியில் எத்தனை முட்டை என்று 1955 முதல் குறித்துக்கொண்டே வருகிறார்கள். ஒரு செமஸ்டர் அப்சர்வேஷன் நோட்டையே கடைசி வாரத்தில் எழுதும் நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

கிறிஸ்டியான் போத், மார்சல் ஃபிஸ்ஸர் என்ற இருவர் 2001-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1980 முதல் 2000 வரையிலான இருபது வருடத்தில் அங்கே வசந்தம் சூடாகிவிட்டது. ஈப்பிடிப்பான்கள் முட்டையிடும் தேதியும் சுமார் 10 நாள் முன்னால் நகர்ந்திருந்தது. நல்ல விஷயம்தானே? ஆனால் அவை வந்து சேரும் தேதி நகரவில்லை.

அப்படியானால் அந்த 10 நாளை எங்கிருந்து எடுத்தன? வந்ததற்கும் முட்டையிடுவதற்கும் நடுவில் இருந்த இடைவெளியிலிருந்து. ஷெட்யூல் மொழியில் அதற்குப் பெயர் ஃப்ளோட். முன்னெல்லாம் வந்து ஆற அமரக் கூடு கட்டிய பறவை, இப்போது வந்த சூட்டோடு முட்டையிடுகிறது. ஃப்ளோட் தீர்ந்துபோனால் அடுத்து வெட்ட எதுவும் இல்லை. அடைகாக்கும் நாட்களை அதிகம் சுருக்க முடியாது. வந்து சேருவதற்கு முன் முட்டையிடவும் முடியாது!

அது போதுமா என்பதையும் எண்களை வைத்தே பார்க்கலாம். 1988 முதல் 2005 வரையான டேட்டாவில், புழு உச்சம் வருடத்துக்குச் சுமார் 0.75 நாள் முன்னால் நகர்ந்திருக்கிறது. அதே காட்டில் நான்கு வகைச் சிறு பறவைகளின் குஞ்சு பொரிக்கும் தேதி நகர்ந்தது வருடத்துக்கு 0.36 முதல் 0.50 நாள் வரைதான். சரிவுகளின் வித்தியாசத்தை 17 வருடத்தால் பெருக்குங்கள். நான்கு முதல் ஆறேழு நாள் இடைவெளி வரும். ‘வெறும் ஆறு நாள்தானே?’ என்று தோன்றும். மொத்தமே சில வாரம் நிற்கும் மலையில், குஞ்சுக்கு அகோரப் பசி இருக்கும் அந்த வாரம் உச்சத்தைத் தாண்டி இறங்குமுகத்தில் விழுந்தால், அது சின்ன விஷயம் இல்லை.

இந்த நான்கு வகைகளில் வலசையே போகாமல் அங்கேயே இருக்கும் பட்டாணிக்குருவியும் ஒன்று. அதற்கும் புழுவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஆனால் அது ஊரிலேயே இருப்பதால் பிப்ரவரி, மார்ச் வெயிலை உடம்பில் உணர்ந்து ஓரளவாவது சரிசெய்துகொள்ள முடியும். தூரத்திலிருந்து வருகிறவனுக்கு அந்த வசதியும் இல்லை.

விலை என்ன?

2006-இல் போத் குழுவினர் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். நெதர்லாந்தில் ஒன்பது இடங்களில் இருக்கும் ஈப்பிடிப்பான் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். புழு உச்சம் ரொம்பச் சீக்கிரம் வரும் காடுகளில், இருபது வருடத்தில் இந்தப் பறவையின் எண்ணிக்கை சுமார் 90 சதவீதம் குறைந்திருந்தது. உச்சம் தாமதமாக வரும் காடுகளில் சுமார் 10 சதவீதம்தான் குறைந்திருந்தது. ஒரே நாடு, ஒரே இனம், ஒரே ஆப்பிரிக்கா, ஒரே பாலைவனம். முக்கியமாக மாறியது, சாப்பாடு எந்தத் தேதியில் பரிமாறப்படுகிறது என்பது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2010-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நெடுந்தூர வலசைப் பறவைகளில் காட்டில் வாழ்பவை குறைந்துகொண்டே போக, சதுப்பு நிலங்களில் வாழ்பவை அந்த அளவு குறையவில்லை என்று தெரிந்தது. சதுப்பு நிலத்தில் பூச்சி ஒரேயடியாக வந்து தீர்ந்துவிடுவதில்லை, சீசன் முழுக்கப் பரவலாகக் கிடைக்கும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் கேன்டீன் மாதிரி. அங்கே யார் லேட்டாகப் போனாலும் ஏதாவது கிடைக்கும். ஆக, தாமதம் எவ்வளவு வலிக்கும் என்பது, உணவு மலை எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அப்போ சீக்கிரமே கிளம்பிட வேண்டியதுதானே?

உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். எனக்கும் வந்தது.

சீக்கிரம் போவதில் லாபம் இருக்கிறது. முதலில் வருபவனுக்கு நல்ல பொந்து கிடைக்கும். அதனால்தான் ஆண் பறவைகள் பெண்களுக்கு முன்பே வந்து இடம் பிடிக்கின்றன. பஸ்ஸில் கர்ச்சீப் போடுகிற மாதிரி. ஆனால் ஏப்ரல் ஆரம்பத்தில் திடீரென்று குளிர் திரும்பினால், பறக்கும் பூச்சி எதுவும் வெளியே வராது. பாலைவனத்தைத் தாண்டிக் கொழுப்பெல்லாம் கரைந்து வந்திருக்கும் 12 கிராம் உடம்புக்குச் சில நாள் பட்டினியே ஆபத்து. லேட்டாக வந்தால் குஞ்சு போகும். ரொம்ப சீக்கிரம் வந்தால் உயிரே போகலாம்.

அதனால் இதில் ‘சீக்கிரம் நல்லது’ என்று ஒரு விதி கிடையாது. ‘பொருந்துவது நல்லது’ என்பது மட்டும்தான் விதி.

லேட்டா வந்ததாலா, திறமை இல்லாததாலா?

இங்கே ஒரு நல்ல சந்தேகம் எழ வேண்டும். லேட்டாக வரும் பறவைகளுக்குக் குஞ்சு குறைவு என்றால், தேதிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஒருவேளை பலவீனமான பறவைகள்தான் லேட்டாக வருகின்றனவோ? பலவீனம் என்ற ஒரே காரணத்தால் இரண்டும் நடந்திருக்கலாமே? புள்ளியியல் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: இரண்டு விஷயம் சேர்ந்தே வருகிறது என்பதற்காக ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு அருமையான சோதனை நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளியானது. நெதர்லாந்தில் இருந்த பெண் ஈப்பிடிப்பான்களையும் முட்டைகளையும் ஸ்வீடனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இனப்பெருக்கக் காலம் சுமார் இரண்டு வாரம் தள்ளித்தான் வரும். நெதர்லாந்தில் ‘லேட்’ என்று பெயர் வாங்கிய அதே பறவை, அதே உள்கடிகாரத்தோடு, இப்போது உள்ளூர்ப் பறவைகளை விடச் சீக்கிரம் முட்டையிட்டது.

முடிவு? அந்தப் பெண் பறவைகளின் ஃபிட்னஸ், உள்ளூர் ஸ்வீடன் பறவைகளை விட 2.5 மடங்கு அதிகம். உயிரியலில் ஃபிட்னஸ் என்றால் ஜிம் சமாச்சாரம் இல்லை. அடுத்த தலைமுறைக்கு எத்தனை வாரிசுகளைக் கொடுக்கிறது என்ற கணக்கு. பறவையை மாற்றவில்லை, இடத்தை மட்டும் மாற்றினார்கள். ஸ்வீடனிலும் வசந்தம் முன்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளூர்ப் பறவைகள் அதில் பின்தங்கியிருந்தன. தெற்கிலிருந்து வந்தவை பொருந்திப் போயின.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பறவையிடம் குறை எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சரியாகச் செய்து, பாலைவனத்தைத் தாண்டி, தன் முன்னோர்களை வாழவைத்த அதே தேதியில் வந்து சேர்ந்தது. அந்தத் தேதி இப்போது செல்லாது என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை.

மீள வழி இருக்கிறதா?

இரண்டு வழிகளுக்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்று, இப்போது பார்த்த இடமாற்றம். எல்லாப் பறவையும் பிறந்த காட்டுக்கே திரும்புவதில்லை. சில வடக்கே தள்ளிப் போய்க் குடியேறும். அப்படிப் போனால் தங்கள் ‘சீக்கிர’ மரபணுவையும் அங்கே கொண்டுபோகும். வந்து சேர்வது, முட்டையிடுவது போன்ற தேதிகளில் ஊருக்கு ஊர் இருக்கும் வித்தியாசம் பெருமளவு பரம்பரையாக வருவது என்றும் அதே சோதனை காட்டியது.

இரண்டாவது, கடிகாரமே மாறுவது. 1981-இல் எபர்ஹார்ட் க்வின்னர் ஜெர்மனியில் ஈப்பிடிப்பான் குஞ்சுகளை எடுத்து, செயற்கை வெளிச்சத்தில் வளர்த்து, உள்கடிகாரத்தை அளந்திருந்தார். 2002-இல் பார்பரா ஹெல்ம் அதே மாதிரி வெளிச்சம் கொடுத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்தார். 21 வருட இடைவெளியில் கடிகாரம் சுமார் 9 நாள் முன்னால் நகர்ந்திருந்தது! வெளிச்சம் அதேதான் என்பதால், மாறியது பறவை. அதாவது பரிணாமம், அதுவும் ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே.

ஆனால் பரிணாமம் என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பதை மறந்துவிட வேண்டாம். தனிப்பட்ட ஒரு பறவை தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளவில்லை. லேட்டாக வந்தவற்றின் குஞ்சுகள் பிழைக்காமல் போய்ப் போய், சீக்கிரம் வந்தவற்றின் வாரிசுகள் மிஞ்சியதால்தான் சராசரி நகர்கிறது. அந்த 9 நாளுக்கான விலை பல ஆயிரம் காலியான கூடுகள்.

நம்ம கேம்பஸுக்கு வருவோம்

இது ஐரோப்பாவின் கதை. ஆனால் நம்ம ஊரும் பலருக்கு ‘கடைசி பிளாக்’தான். சைபீரியா, கிழக்கு ஆசியா பக்கம் கூடு கட்டும் பழுப்புக் கீச்சான் செப்டம்பர் வாக்கில் வந்து, ஏப்ரல் வரை தமிழ்நாட்டில் இருக்கும். உங்கள் கிரவுண்ட் ஓரத்து முள்மரத்தில் தனியாக உட்கார்ந்து, கர் கர்ரென்று கத்திக்கொண்டிருப்பது அதுவாக இருக்கலாம். அதுவும் ஏதோ ஒரு நாள், தான் போகப்போகும் ஊரின் வானிலை தெரியாமலேதான் இங்கிருந்து கிளம்பும்.

அதன் தேதி நகர்கிறதா என்று கண்டுபிடிக்க லேப் வேண்டாம், ஃபண்டிங் வேண்டாம். வருடா வருடம் முதலில் பார்த்த நாள், கடைசியாகப் பார்த்த நாள் என்று இரண்டு எண்கள் போதும். இந்தியாவில் 2007-இல் மைக்ரன்ட்வாட்ச் என்ற பெயரில் பொதுமக்களிடமிருந்து இந்தத் தேதிகளைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். இப்போது ஈபேர்ட் ஆப்பில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். ஹோகே ஃபெலூவேயின் டேட்டாவும் யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு தேதியை எழுதியதில்தான் ஆரம்பித்தது.

நான் இந்த வருடம் வெளியே போகிறேன். எங்கள் பிளாக் பின்னாடி இருக்கும் கீச்சானை ஏப்ரல் வரை குறித்து வைக்கிறேன். அடுத்த செப்டம்பரில் அது திரும்ப வரும்போது தேதி எழுத ஜூனியர் யாராவது வேணும். நோட்டு ரெடி. பேனா மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க.